மேலே பெய்த மழை: விமானிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விமானிகளுக்கு,

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் விமான நிலையம் கிடையாது. சுண்ணாம்புக்கல், சிமெண்டு, மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று மண்ணை நம்பிப் பிழைக்கிற ஊர்கள் இவை. ஆனாலும் வானத்தோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சென்னையிலிருந்து திருச்சிக்கு நீங்கள் போகும் வழி எங்கள் தலைக்கு மேலேதான். துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வேலை தேடிப் போகிறவர்கள் எங்கள் ஊர்களில் தெருவுக்குத் தெரு உண்டு. திருச்சியில் விமானம் ஏறி, உயிரை உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டுக் கண்ணயர்கிறவர்கள் அவர்கள். அந்த உரிமையில்தான் இந்த மடல். சொல்ல வந்தது ஒன்றே. உயரத்தில் பறக்கும்போது விமானி அறைக்கு இணையம் வேண்டும். ஆனால் அது உங்கள் பையில் வரும் இணையமாக இருக்கக் கூடாது, விமானத்தின் சொந்த உறுப்பாக இருக்க வேண்டும். இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

இதைப் பேச அரியலூருக்கு ஒரு தகுதி உண்டு. பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு பெரம்பலூர் மாவட்டத்தைக் கடந்து, அரியலூர் மாவட்டம் வழியாகப் போய்க் கொள்ளிடத்தில் கலக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிற காட்டாறு. 1956 நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூரைத் தாண்டி அந்த ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது, பாலத்தை ஒட்டிய கரையை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. என்ஜினும் பெட்டிகளும் ஆற்றில் கவிழ்ந்தன. சுமார் 150 பேர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நாடு இன்றும் நினைவில் வைத்திருப்பது அந்தப் பதவி விலகலை. எங்கள் பக்கத்தில் நினைக்க வேண்டியது வேறொன்று: பாதை போய்விட்டது என்ற செய்தி, அந்தப் பாதையில் வந்துகொண்டிருந்தவருக்குப் போய்ச் சேரவில்லை. மேலே மலையில் பெய்த மழை கீழே இறங்கிவர நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் செய்தி ரயிலை முந்தியிருக்க வேண்டும், முந்தவில்லை. ஓட்டுநருக்குத் தெரிந்ததெல்லாம் என்ஜின் விளக்கு எட்டிய தூரம்தான்.

இன்று நீங்கள் 35,000 அடி உயரத்தில் நிமிடத்துக்குப் பதினான்கு கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். உங்கள் என்ஜின் விளக்கு, விமானத்தின் மூக்கில் இருக்கும் வானிலை ரேடார். அது அருமையான கருவி. ஆனால் அதன் குறையை எங்களைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலையைத்தான் அது பார்க்கிறது. முன்னால் நிற்கும் மேகத்தில் மழை அடர்த்தியாக இருந்தால் அலையை அதுவே விழுங்கிவிடும். பின்னால் இன்னும் கொடிய மேகம் நின்றாலும் திரையில் அந்த இடம் வெட்டவெளி போலத் தெரியும். ஈரமில்லாத ஆலங்கட்டியும் பனிப்பளிங்கும் அதன் கண்ணுக்கு மங்கலானவை. 1977 ஏப்ரல் 4ஆம் தேதி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சதர்ன் ஏர்வேஸ் நிறுவனத்தின் டிசி-9 விமானம் ஒன்று, மழையும் ஆலங்கட்டியும் புகுந்து இரண்டு என்ஜின்களும் நின்றுபோய் நெடுஞ்சாலையில் இறங்க முயன்று நொறுங்கியது. 72 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை காரணங்களை அடுக்கியபோது மூன்றைச் சேர்த்தே சொன்னது: வழியில் இருந்த புயல் பற்றிய புதிய தகவலை நிறுவனம் விமானிகளுக்குக் கொடுக்கவில்லை, விமானி தன் ரேடாரை நம்பிப் புயலுக்குள் வழி தேடினார், தரைக் கட்டுப்பாட்டு அமைப்பும் அந்தத் தகவலை நேரத்துக்குக் கொண்டுசேர்க்கும் நிலையில் இல்லை. மருதையாற்றுக் கதையே வானத்தில் நடந்தது போல இருக்கிறது. தரையில் தெரிந்தது, ஓட்டுகிறவருக்குத் தெரியவில்லை.

அமெரிக்கா தொலைவு என்றால் திருச்சிக்கு வாருங்கள். 2018 அக்டோபர் 12ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, 136 பேருடன் துபாய்க்குப் புறப்பட்ட போயிங் 737 விமானம், மேலெழும்போது ஓடுதளத்தின் முனையில் இருந்த ஆண்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துவிட்டுப் போனது. விமானம் எதிலோ பட்டிருக்கலாம் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னது. விமானி அறையில் எல்லா அளவிகளும் சரியாகக் காட்டின; எல்லாம் இயல்பாக இருக்கிறது என்று பதில் போனது. கிழிந்த வயிற்றோடு அந்த விமானம் அரபிக்கடல் மேல் வெகுதூரம் போன பிறகுதான் மும்பைக்குத் திருப்பப்பட்டு, புறப்பட்டுச் சுமார் நான்கு மணி நேரம் கழித்து இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. இங்கே ரேடியோ வேலை செய்தது, செய்தியும் போனது. போன செய்தி ஒரு வாக்கியம், அந்த வாக்கியத்தை எதிரே இருந்த அளவிகள் மறுத்தன. இடிந்த சுவரின் புகைப்படம் ஒன்று விமானி அறைக்குப் போயிருந்தால் அவர்கள் உடனே திரும்பியிருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அளவியை நம்புவதா, கோபுரத்தின் சொல்லை நம்புவதா என்று தீர்மானிக்கும் இடத்தில் ஒரு படம் என்ன எடை பெறும் என்பதை யோசித்துப் பாருங்கள். தரையில் யார் கையிலும் இருக்கும் செல்போன் எடுத்து அனுப்பக்கூடிய படம் அது.

தற்போதைய நிலைமையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. விமானத்துக்குள் இணையம் தருவதற்கான விதிகளை இந்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்டது. விமானம் 3,000 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் இணையம் தரலாம் என்று வழி திறந்தது. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து ஏர் இந்தியா தன் சில விமானங்களில் உள்நாட்டுப் பயணிகளுக்கும் வைஃபை கொடுக்கத் தொடங்கியது. 2024 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-என்2 செயற்கைக்கோளின் நோக்கங்களில் ஒன்றே வானில் இணையம் தருவதுதான். அதாவது, இருபதாவது வரிசை ஜன்னலோரத்தில் இருக்கும் பயணி, சென்னை, காரைக்கால் வானிலை ரேடார்களின் படத்தை இந்திய வானிலைத் துறையின் இணையதளத்தில் திறந்து பார்க்கக்கூடிய காலம் வந்துவிட்டது. விமானி அறையில் ஏகார்ஸ் என்ற செய்திப் பரிமாற்ற முறை இருக்கிறது. 1978இல் தொடங்கிய அது, பழைய தடத்தில் நொடிக்கு 2,400 பிட் வேகத்தில், தந்தி போல எழுத்துகளை அனுப்பும். நீங்கள் கையில் வைத்திருக்கும் டேப்லெட்டில் வரைபடமும் கையேடும் இருக்கின்றன. ஆனால் வானத்தில் இணைப்பு இல்லாத டேப்லெட், புறப்படும்போது ஏற்றிக்கொண்ட தகவலோடு நின்றுவிடுகிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். இடிமேகம் ஒன்று முளைத்து முற்ற அரை மணி நேரம் போதும். பின்னால் இருப்பவருக்கு இந்த நிமிடத்து வானமும் முன்னால் இருப்பவருக்குப் புறப்பட்ட நேரத்து வானமும் என்பது எந்தக் கணக்கிலும் சரியாக வராது.

இந்த இடத்தில்தான் சோதனை வருகிறது. வான இணைப்பு கடையில் கிடைக்கிறபோது நிறுவனத்தை ஏன் எதிர்பார்த்து நிற்க வேண்டும் என்று தோன்றும். சாதாரண செல்போன் அந்த உயரத்தில் உதவாது. கோபுரங்களின் ஆண்டெனாக்கள் தரையை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன, விமானத்தின் வேகத்துக்கு ஈடாகக் கோபுரம் மாற்றிக்கொடுக்க அந்த வலைப்பின்னல் கட்டப்படவில்லை. ஆனால் ஸ்டார்லிங்க் மினி போன்ற கருவிகள் ஒரு நோட்டுப் புத்தகம் அளவில், ஒரு கிலோ எடையை ஒட்டி வந்துவிட்டன. தரையிலிருந்து 35,786 கிலோமீட்டரில் நிற்கும் பழைய செயற்கைக்கோள்களைப் போலன்றி, 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறவற்றோடு பேசுவதால் தாமதமும் குறைவு. அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் இவற்றைக் கண்ணாடி ஓரத்தில் வைத்துப் பறக்கிறார்கள். இந்தியாவிலும் 2025 ஜூனில் அந்த நிறுவனத்துக்கு உரிமம் கிடைத்தது. சேவை பரவலானதும் யாரோ ஒருவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு விமானி அறைக்குள் வருவார். தயவுசெய்து அந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டாம்.

சட்டம் ஒரு காரணம்: உரிமம் இல்லாத செயற்கைக்கோள் கருவியைக் கையில் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், சாட்டிலைட் போனோடு வந்திறங்கிய வெளிநாட்டவர்கள் கைதானது உண்டு. தொழில்நுட்பம் இன்னொன்று: பெரிய விமானத்தின் முன்கண்ணாடியில் பனி படியாமல் சூடாக்கும் மின்படலம் இருக்கிறது, அது அலையைத் தடுக்கும், கிடைத்தாலும் விட்டுவிட்டுக் கிடைக்கும். பக்கத்திலிருக்கும் கருவிகளோடு அது எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் சோதித்துச் சான்று தந்திருக்க மாட்டார்கள். லித்தியம் பேட்டரி ஒன்று உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் புகைந்தால் இறங்கி ஓட இடம் இல்லை. இவை எல்லாவற்றையும்விட எங்களைக் கவலைப்பட வைப்பது நீதி பற்றிய காரணம். சொந்தக் கருவி என்றால், வாங்க முடிந்த விமானியின் விமானத்துக்கு ஒரு பாதுகாப்பு, வாங்காதவரின் விமானத்துக்கு வேறு பாதுகாப்பு என்றாகிவிடும். ஷார்ஜாவுக்குச் சீட்டு எடுக்கும் கொத்தனாருக்கு, இன்று யார் ஓட்டுகிறார், அவர் பையில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? உங்களுக்கும் அது நல்லதல்ல. கருவி உங்களுடையது என்றால் அது காட்டிய தவறான படத்துக்கும் நீங்களே பொறுப்பாளி ஆவீர்கள். வாங்கித் தர வேண்டிய நிறுவனம் கையைக் கழுவிக்கொள்ளும்.

நாங்கள் நியாயம் என்று கருதும் ஏற்பாடு எளிமையானது. நிறுவனம் பொருத்தி, ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ சான்றளித்து, பயணிகளின் வைஃபையோடு கலக்காமல் விமானி அறையின் டேப்லெட்டுக்கு மட்டும் வரும் ஒரு குறுகிய தடம். அதில் வானிலைப் படம், முன்னால் போன விமானங்கள் பதிந்த குலுங்கல் விவரம், இறங்குமிடத்தின் நிலைமை, நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து வரும் செய்தியும் படமும் வரட்டும், வேறெதுவும் வேண்டாம். இது கற்பனை ஏற்பாடு அல்ல. அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம் 2016இலேயே தன் விமானிகளின் டேப்லெட்டில் குலுங்கலைக் காட்டும் செயலியை, வானத்திலேயே புதுப்பித்துக்கொள்ளும்படி கொடுத்தது. பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா, ஒரு விமானம் அனுபவித்த குலுங்கலைப் பின்னால் வரும் மற்ற நிறுவனங்களின் விமானங்களுக்கும் உடனுக்குடன் சொல்லும் அமைப்பை நடத்துகிறது. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த விமானம் மியான்மர் வானில் குலுங்கி ஒருவர் இறந்ததையும், 2022 மே மாதம் மும்பை–துர்காபூர் விமானத்தில் பயணிகள் தூக்கி எறியப்பட்டுக் காயமடைந்ததையும் நினைத்தால் இதன் அவசியம் விளங்கும்.

எதிர்வாதங்கள் வலுவானவை, அவற்றைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. முதலாவது கவனச்சிதறல். 2009 அக்டோபர் 21ஆம் தேதி சான் டியாகோவிலிருந்து மினியாபொலிஸ் போன நார்த்வெஸ்ட் விமானத்தில், இரண்டு விமானிகளும் மடிக்கணினியில் பணிநேர அட்டவணையில் மூழ்கி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ரேடியோவில் பதில் சொல்லாமல், ஊரைத் தாண்டி 240 கிலோமீட்டர் போய்விட்டார்கள். அவர்கள் உரிமம் பறிக்கப்பட்டது. 2014இல் அமெரிக்கா விமானி அறையில் சொந்த உபயோகத்துக்கு மடிக்கணினியையோ செல்போன் போன்ற கம்பியில்லாக் கருவியையோ தொடக்கூடாது என்று விதி போட்டது. அந்த விமானிகளைக் கெடுக்க இணையம் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சொந்த மடிக்கணினி போதுமானதாக இருந்தது. ஆகவே இந்தச் சம்பவம் சொந்தக் கருவிக்கு எதிரான சாட்சி. யூடியூபும் வாட்ஸ்அப்பும் நுழைய முடியாத தடத்தை, 10,000 அடிக்குக் கீழே வேறு பேச்சே கூடாது என்ற பழைய ஒழுக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தால், அது அளவிகளில் இன்னொன்றாக இருக்குமே ஒழிய பொழுதுபோக்காக இருக்காது. அந்தக் கட்டுப்பாட்டை நிர்வாகம் விதிக்கும் முன்பே நீங்களாகக் கேட்டால் உங்கள் கோரிக்கைக்கு இரட்டிப்பு மதிப்பு வரும்.

இரண்டாவது, படம் பொய் சொல்லும் என்பது. இதுதான் அறிந்தவர்களின் எதிர்வாதம். 2012இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சிறு விமானம் ஓட்டுகிறவர்களை எச்சரித்தது: பல ரேடார்களின் படங்களை ஒட்டித் தைத்துத் திரைக்கு அனுப்பும்போது, படத்தின் உண்மையான வயது திரையில் காட்டும் வயதைவிட 15 முதல் 20 நிமிடம் வரை கூடுதலாக இருக்கக்கூடும். மேகங்களுக்கு நடுவே சந்து கண்டுபிடித்துப் போக அந்தப் படத்தை நம்பினால் முடிவு மரணம்தான். ஒப்புக்கொள்கிறோம். பக்கத்தில் இருப்பதைக் காண மூக்கு ரேடாரும் கண்ணும். இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முடிவெடுக்க இணையப் படம். இந்தப் பிரிவினையைப் பயிற்சியில் சேர்க்க வேண்டும். சீக்கிரம் தெரிவதன் மதிப்பு, தெரிவுகள் நிறைய இருப்பதில் இருக்கிறது. 2025 மே 21ஆம் தேதி தில்லியிலிருந்து ஸ்ரீநகர் போன விமானம், பதான்கோட் அருகே ஆலங்கட்டி மேகத்தைச் சந்தித்தபோது, இடப்பக்கம் ஒதுங்க அனுமதி கிடைக்கவில்லை, லாகூர் தன் வானத்தைத் திறக்கவில்லை, திரும்பிவர முயன்றபோது மேகம் நெருங்கிவிட்டது. 220க்கும் மேற்பட்டவர்களோடு அதற்குள்ளேயே நுழைந்து, மூக்கு நைந்துபோய்ப் பத்திரமாக இறங்கியது. மூடிய எல்லையை எந்த இணையமும் திறக்காது. ஆனால் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும் இடங்களில், முன்கூட்டித் தெரியும் அரை மணி நேரமே விமானி கையில் மிஞ்சும் சொத்து.

மூன்றாவது, பாதுகாப்பு. இணையம் வந்தால் விஷமியும் வருவான் என்கிறார்கள். 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதியில் 465 முறை ஜிபிஎஸ் குறுக்கீடுகள் பதிவானதாக அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. பயம் நியாயமானது, ஆகவேதான் விமானத்தை இயக்கும் கணினிகளோடு இந்தத் தடம் எந்த வகையிலும் இணையக் கூடாது என்கிறோம். டேப்லெட் படிக்க மட்டும். படித்ததை வைத்து முடிவெடுத்துக் கையால் செலுத்துவது நீங்கள். பயணிகளின் வைஃபையை ஏற்கெனவே அனுமதித்துவிட்ட நாடு, இந்தச் சின்னத் தடத்தை மட்டும் பாதுகாப்பைக் காட்டி மறுப்பதில் பொருள் இல்லை. மேலும், போலி ஜிபிஎஸ் சமிக்ஞை ஏமாற்றும்போது, நீ இருக்கும் இடம் அதுவல்ல என்று வேறு வழியில் சொல்ல ஓர் இணைப்பு இருப்பது உதவியே.

நான்காவது, செலவு. குறைந்த கட்டணத்தில் ஓடும் நிறுவனங்களுக்கு ஆண்டெனாவின் விலையும், அது காற்றில் ஏற்படுத்தும் இழுவையும், பொருத்தும் நாட்களில் விமானம் தரையில் நிற்பதும் சுமைதான். ஆனால் நாங்கள் கேட்பது இருநூறு பேர் சினிமா பார்க்கும் அகலப் பாதையை அல்ல. ஒரு ரேடார் படம், கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்புவதைவிடப் பெரிய சுமையில்லை. புயலைச் சுற்றிக் கடைசி நேரத்தில் வளைவதைவிடத் தூரத்திலேயே மெல்ல ஒதுங்குவதில் எரிபொருளும் மிச்சம். ஏற்கெனவே பயணிகளுக்காக ஆண்டெனா பொருத்திய விமானங்களில் விமானி அறைக்கென்று தனித்தடம் ஒதுக்குவதற்குப் பணம் ஒரு சாக்கே ஆகாது. தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

இது இல்லாமலே இத்தனை காலம் பறந்தோமே என்று உங்களில் மூத்தவர்கள் கேட்கலாம். 1996 நவம்பர் 12ஆம் தேதி வரை, எதிரே வரும் விமானத்தை எச்சரிக்கும் கருவி இல்லாமலும் பறந்தோம். அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவுதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறை உயரத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. சொன்னது, காதில் விழுந்து மொழிமாறி, ஓட்டியவரின் கைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அதன் பிறகுதான் மோதல் தவிர்ப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. குரல் ஒன்றையே நம்பக் கூடாது என்று அன்று 349 உயிர் கொடுத்துக் கற்றோம். 1956இல் அரியலூர் கொடுத்த விலையும் அதே பாடத்துக்குத்தான். இரண்டு முறையும் பாடம், விபத்துக்குப் பின்னால் வந்தது. இந்த முறை அதை முன்னால் கொண்டுவர உங்கள் சங்கங்களால் முடியும். கேட்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

ஆகவே, பணிநேரத்துக்கும் ஓய்வுக்கும் சம்பளத்துக்கும் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது இதையும் பட்டியலில் எழுதுங்கள். வானத்தில் இருந்தபோது தெரிந்திருக்க வேண்டிய ஒன்று தரையிறங்கிய பிறகே தெரியவந்த ஒவ்வொரு முறையும், பெயர் இல்லாமலாவது பாதுகாப்பு அறிக்கையில் பதியுங்கள். அந்தப் பதிவுகள் சேர்ந்தால்தான் டிஜிசிஏ மேசையில் இது புகாராக இல்லாமல் ஆதாரமாகப் போய் நிற்கும். அதுவரை சொந்தக் கருவியை வெளியிலேயே வைத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பச்சைமலைப் பக்கம் கருக்கும்போது, மருதையாற்றங்கரைக்காரர்கள் இன்றும் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆற்றில் கால் வைப்பார்கள். ஆறு காய்ந்து கிடக்கலாம். மேலே மழை பெய்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதே வானத்தில் எங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற உங்களுக்கும் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பயணிகளுள் ஒருவன்